புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரில் என்ன கோளாறு? கேட்கும் குறியை வைத்தே காரணத்தைப் பிடிக்கும் வழி

சொந்தமாகக் கட்டிய ஜோடியோ, பழையதைப் பிரித்து மேம்படுத்தியதோ, முதல் பாட்டிலேயே ஏதோ சரியில்லை என்று காது சொல்லிவிடும். உடனே விலை உயர்ந்த கெப்பாசிட்டர், தடித்த கேபிள், புது ட்வீட்டர் (உயர்ந்த ஒலிகளுக்கான சிறு ஒலிப்பான்) என்று மனம் ஓடும். கொஞ்சம் பொறுங்கள். இந்த அளவுப் பெட்டிகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியவை மூன்று: வயர் மாறியிருப்பது, காற்று கசிவது, வைத்த இடம் பொருந்தாதது. மூன்றையும் சரிசெய்யக் காசு ஏறக்குறைய தேவையில்லை. பணம் கேட்கும் காரணங்களை அதற்கு அப்புறம் பார்க்கலாம்.

கையில் இருக்க வேண்டியவை: மல்டிமீட்டர், 1.5 வோல்ட் பேட்டரி ஒன்று, சால்டரிங் அயர்ன், ஸ்க்ரூ டிரைவர், போனில் ஒரு டோன் ஜெனரேட்டர் செயலி. ஒலியை அளக்கும் மைக்கும், ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச அளவீட்டு மென்பொருளும் இருந்தால் வேலை பாதியாகும். இல்லாவிட்டாலும் கீழே உள்ளதில் பெரும்பகுதியைச் செய்யலாம். ஒரு பழக்கத்தை மட்டும் விடாதீர்கள். ஒரு பெட்டியை அப்படியே வைத்துவிட்டு, இன்னொன்றில் ஒரே ஒரு மாற்றம் செய்து, மோனோவில் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். நேற்று கேட்ட ஒலியை நினைவில் வைத்து இன்று ஒப்பிட்டால் காது ஏமாற்றும்.

ஒரு பக்கம் சத்தமே வரவில்லை

ஆம்ப்ளிஃபயர் பக்கம் இடது வலது ஸ்பீக்கர் வயர்களை ஆம்பை அணைத்துவிட்டு மாற்றிப் போடுங்கள். ஊமைப் பக்கம் இடம் மாறினால் கோளாறு ஆம்பிலோ அதற்கு முந்தைய வயரிலோ. அதே பெட்டி ஊமையாகவே இருந்தால் கேபிளிலோ பெட்டியிலோ.

பெட்டியைத் தனியே கழற்றி முனைகளில் மல்டிமீட்டரை வையுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் 5.5 முதல் 7 ஓம் வரை காட்டும். 4 ஓம் என்றால் 3 முதல் 3.6 வரை. மீட்டர் எதுவும் காட்டாவிட்டால் எங்கோ அறுந்திருக்கிறது. பூச்சியத்தை ஒட்டிக் காட்டினால் ஷார்ட்; அதை ஆம்பில் மாட்டவே கூடாது. ஒன்றைக் கவனியுங்கள்: வெளி முனையில் மீட்டர் பார்ப்பது வூஃபரை (தாழ்ந்த ஒலிகளுக்கான பெரிய ஒலிப்பானை) மட்டுமே. ட்வீட்டருக்கு முன்னால் இருக்கும் கெப்பாசிட்டர் டிசி மின்சாரத்தைத் தடுத்துவிடும். ஆகவே மீட்டர் 6 ஓம் காட்டுகிறது என்பதால் ட்வீட்டர் உயிரோடு இருக்கிறது என்று ஆகாது. ட்வீட்டரின் ஒரு வயரைக் கழற்றிவிட்டு அதன் முனைகளிலேயே அளக்க வேண்டும்.

புதிதாகக் கட்டிய பெட்டியில் அறுப்பு கிடைக்கும் இடம் பெரும்பாலும் கிராஸ்ஓவரில் (ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்துக் கொடுக்கும் வடிகட்டியில்) உள்ள காயிலின் முனை. காயில் சுற்றிய செம்புக் கம்பியின் மேல் எனாமல் பூச்சு உண்டு. அதை உப்புத்தாள் வைத்துச் சுரண்டாமல் சால்டர் செய்தால் ஈயம் அழகாகப் படிந்திருக்கும், உள்ளே தொடர்பு இருக்காது. சுற்றிலும் செம்பு பளபளக்கும் வரை சுரண்டி, முதலில் கம்பிக்குத் தனியாக ஈயம் பூசி, பிறகு இணையுங்கள்.

பேஸ் மெலிந்திருக்கிறது, பாடுபவர் நடுவில் நிற்கவில்லை

இரண்டு பெட்டிகளும் எதிரெதிராக அசைகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. ஒன்று காற்றைத் தள்ளும் கணத்தில் மற்றது இழுக்கிறது. தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. குரலோ இரண்டு பெட்டிக்கும் நடுவில் நிற்காமல் அறை முழுக்கப் பரவிக் கிடக்கும்.

ஆம்பிலிருந்து கழற்றிய பெட்டியில், பேட்டரியின் பிளஸ் முனையைச் சிவப்பிலும் மைனஸைக் கறுப்பிலும் அரை நொடி தொட்டு எடுங்கள். வூஃபர் கோன் வெளியே தள்ள வேண்டும். உள்ளே போனால் பெட்டிக்குள் வயர் மாறியிருக்கிறது. இரண்டு பெட்டிகளும் வெளியே தள்ளுகின்றன, ஆனாலும் குறி போகவில்லை என்றால் கேபிளின் ஒரு முனையில் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். இந்தச் சோதனையைத் தனியாகக் கழற்றிய ட்வீட்டரில் நேரடியாகச் செய்ய வேண்டாம். அதன் கம்பி மெல்லியது, அசைவு கண்ணுக்கும் தெரியாது.

குரல் பின்னால் ஒதுங்கி, உள்ளீடற்றுக் கேட்கிறது

பேஸ் இருக்கிறது, ட்ரெபிளும் இருக்கிறது, நடுவில் ஒரு பள்ளம். வூஃபரும் ட்வீட்டரும் கைமாற்றிக்கொள்ளும் கிராஸ்ஓவர் பகுதியில் இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக வேலை செய்கின்றன.

இரண்டாம் படி லிங்க்விட்ஸ்-ரைலி (ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு காயிலும் ஒரு கெப்பாசிட்டரும் உள்ள வகை) கிராஸ்ஓவரில் ட்வீட்டரின் பிளஸ் மைனஸைத் திருப்பிப் போடுவதுதான் பாட விதி. அந்த வடிகட்டி இரண்டு பக்கத்துக்கும் இடையே 180 டிகிரி வித்தியாசத்தை உண்டாக்குகிறது. ஆனால் விதியை மட்டும் நம்பாதீர்கள். ட்வீட்டரின் குரல்சுருள் (கோனை அசைக்கும் கம்பிச்சுருள்) வூஃபருடையதைவிட முன்னால் இருக்கிறது, டிரைவர்களின் (வூஃபர், ட்வீட்டர்) ஒலி எல்லை அருகே தானாகக் குறைவதும் சேர்கிறது. ஆகவே உண்மையான கணக்கு பெட்டிக்குப் பெட்டி மாறும். ஸ்பீக்கருக்கு நேராக, ட்வீட்டர் உயரத்தில், ஒரு மீட்டர் தள்ளிக் காதையோ மைக்கையோ வைத்து, கிராஸ்ஓவர் அதிர்வெண்ணைச் சுற்றிய பிங்க் நாய்ஸை (சோதனைக்கான இரைச்சலை) ஓடவிடுங்கள். ட்வீட்டர் வயரை ஒரு முறை நேராகவும் ஒரு முறை திருப்பியும் மாட்டிப் பாருங்கள். எந்த நிலையில் பள்ளம் ஆழமாக விழுகிறதோ அதற்கு எதிர்நிலைதான் சரியானது. பள்ளம் எவ்வளவு ஆழமோ, சரியான நிலையில் இரண்டும் அவ்வளவு நன்றாகப் பொருந்துகின்றன. இரண்டு நிலைக்கும் வித்தியாசமே இல்லையென்றால் வடிகட்டியின் மதிப்புகளே தவறு.

அந்தத் தவறு எங்கிருந்து வருகிறது என்றால், இணையக் கணிப்பான்களிலிருந்து. 8 ஓம், 3000 ஹெர்ட்ஸ், இரண்டாம் படி என்று கொடுத்தால் 3.3 மைக்ரோஃபாரட், 0.85 மில்லிஹென்றி என்று விடை வரும். கணக்கு சரிதான், ஆனால் அது 8 ஓம் ரெசிஸ்டருக்கான கணக்கு. வூஃபர் ரெசிஸ்டர் அல்ல. அதன் குரல்சுருளே ஒரு காயில் என்பதால் அதிர்வெண் ஏற ஏற அதன் இம்பீடன்ஸும் (மாறு மின்சாரத்துக்கான மொத்தத் தடையும்) ஏறும். 8 ஓம் என்று எழுதியது 3000 ஹெர்ட்ஸில் 12, 15 ஓமாக நிற்கலாம். அப்போது காயில் வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டாது. வூஃபர் ட்வீட்டரின் எல்லைக்குள் நுழைந்து குரலைக் கலக்கும்.

இதற்கு மலிவான மருந்து ஸோபெல்: ஒரு ரெசிஸ்டரையும் ஒரு கெப்பாசிட்டரையும் தொடராக இணைத்து, அந்த ஜோடியை வூஃபர் முனைகளுக்குக் குறுக்கே போடுவது. ரெசிஸ்டரின் மதிப்பு வூஃபரின் டிசி ஓமில் (மீட்டர் காட்டும் ஓமில்) 1.25 மடங்கு. கெப்பாசிட்டர், வூஃபரின் இண்டக்டன்ஸை ரெசிஸ்டரின் வர்க்கத்தால் வகுத்தது. டிசி 6 ஓம், இண்டக்டன்ஸ் 0.6 மில்லிஹென்றி என்றால் 7.5 ஓம், சுமார் 10 மைக்ரோஃபாரட். 10 வாட் ரெசிஸ்டர் போதும். இங்கே சாதாரண பைபோலார் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டரே நன்றாக வேலை செய்யும்.

இரண்டு காயில்களை ஒன்றையொன்று ஒட்டி ஒரே திசையில் படுக்க வைத்திருந்தாலும் ஒன்றின் காந்தப்புலம் மற்றதில் கலக்கும். ஒன்றைப் படுக்க வைத்து மற்றதை நிறுத்தி, முடிந்த அளவு விலக்கி, வூஃபர் காந்தத்துக்குப் பக்கத்தில் வராமல் பொருத்துங்கள்.

ட்ரெபிள் காதைக் குத்துகிறது

ட்வீட்டர்கள் பெரும்பாலும் வூஃபரைவிட அதிக உணர்திறன் கொண்டவை, அதாவது அதே சக்திக்கு அதிகச் சத்தம் தருபவை. அதைக் குறைக்க எல்-பேட் (இரண்டு ரெசிஸ்டர் கொண்ட குறைப்பான்) போட வேண்டும். 8 ஓம் ட்வீட்டரை 3 டெசிபெல் இறக்க, தொடராக 2.2 ஓம், ட்வீட்டருக்குக் குறுக்கே 20 ஓம். தொடராக ஒரே ரெசிஸ்டரை மட்டும் போட்டால் சத்தம் குறையும், ஆனால் கெப்பாசிட்டர் பார்க்கும் ஓம் மதிப்பு கூடி, கிராஸ்ஓவர் புள்ளி கீழே இறங்கிவிடும்.

குறைப்பதற்கு முன் இன்னொன்றையும் யோசியுங்கள். குத்துவதாகத் தோன்றுவது ட்ரெபிள் அதிகமானதால் அல்ல, கீழ்ப்பகுதி மெலிந்ததாலும் இருக்கலாம். உயர்ந்த ஒலிகளை முன்பலகை முன்னோக்கித் தள்ளுகிறது. தாழ்ந்த ஒலிகள் பெட்டியைச் சுற்றிப் பின்னாலும் போய்விடுகின்றன. 115-ஐ முன்பலகையின் அகலத்தால் (மீட்டரில்) வகுத்தால் அந்த மாற்றம் நடக்கும் இடம் கிடைக்கும். 20 செமீ அகலப் பெட்டிக்கு சுமார் 575 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே படிப்படியாக 6 டெசிபெல் வரை இழப்பு. சுவரை ஒட்டி வைத்தால் அதில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும்; அறை நடுவே ஸ்டாண்டில் வைத்தால் கிடைக்காது.

அந்த இழப்பை ஈடுகட்ட, வூஃபருக்குத் தொடராக, 1.2 மில்லிஹென்றி காயிலும் 4.7 ஓம் ரெசிஸ்டரும் ஒன்றுக்கொன்று இணையாகச் சேர்ந்த ஒரு ஜோடியைப் போட்டால் 8 ஓம் வூஃபரில் மேல்பகுதி ஏறக்குறைய 4 டெசிபெல் இறங்கிச் சமமாகும். இதைத் தொடக்கப் புள்ளியாக வைத்துக் காதால் திருத்துங்கள். விலை என்னவென்றால் மொத்தச் சத்தத்தில் அந்த 4 டெசிபெல் போகும். ட்வீட்டரையும் அதற்கேற்ப இறக்க வேண்டியிருக்கும். கொடுக்கத் தகுந்த விலைதான். புக்‌ஷெல்ஃப் பெட்டியைப் பெரிய பெட்டி போல் ஒலிக்கச் செய்வது இந்த ஒரு திருத்தம்.

பேஸ் ஒரே சுரத்தில் உறுமுகிறது

முதலில் இடத்தை மாற்றிப் பாருங்கள். மூலை பேஸை ஊதிப் பெருக்கும். பின்பக்கம் போர்ட் (காற்று வந்துபோகும் குழாய்) உள்ள பெட்டியைச் சுவரோடு ஒட்டினாலும், புத்தக அலமாரிக்குள் திணித்தாலும் உறுமும். நேர் எதிரான கோளாறும் உண்டு: வூஃபரிலிருந்து பின்சுவர் 60 செமீ தள்ளி இருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 143 ஹெர்ட்ஸை ஒட்டி நேர் ஒலியை அழிக்கும். பக்கச் சுவர், தரை ஆகியவையும் அதே தூரத்தில் இருந்தால் பள்ளம் இன்னும் ஆழமாகும். ஆகவே மூன்று தூரங்களும் ஒன்றாக இல்லாதபடி வையுங்கள். போர்ட்டில் ஸ்பாஞ்சைச் சுருட்டி அடைத்துக் கேளுங்கள். உறுமல் நின்றால் காரணம் போர்ட்டும் இடமும் என்று தெரிந்துவிடும்.

நீங்களே கட்டிய பெட்டி என்றால் போர்ட்டின் நீளம் சரிதானா என்று பார்க்க வேண்டும். 10 லிட்டர் பெட்டியில் 5 செமீ விட்டமுள்ள குழாயை 12 செமீ நீளத்தில் வைத்தால் அது 61 ஹெர்ட்ஸில் ட்யூன் ஆகும். 50 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் அதே குழாய் ஏறக்குறைய 20 செமீ இருக்க வேண்டும். லிட்டர் கணக்கில் வூஃபர், குழாய், உள் சட்டங்கள், கிராஸ்ஓவர் பலகை பிடிக்கும் இடத்தைக் கழிக்க மறந்தால் ட்யூனிங் மேலே போய்விடும்.

சரிபார்க்கக் கருவி வேண்டாம். டோன் ஜெனரேட்டரில் மிதமான சத்தத்தில் 80 ஹெர்ட்ஸிலிருந்து மெல்லக் கீழே இறங்குங்கள். வூஃபர் கோனின் அசைவு ஓர் இடத்தில் கிட்டத்தட்ட நின்றுவிடும், காற்று போர்ட்டில் பலமாக வரும். அந்த எண்தான் ட்யூனிங். அதற்கும் கீழே போனால் கோன் கட்டுப்பாடில்லாமல் ஆடத் தொடங்கும், சத்தத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மூடிய பெட்டி உறுமினால் பாலியஸ்டர் பஞ்சு: லிட்டருக்கு சுமார் 8 கிராம் என்று தொடங்கலாம். போர்ட் பெட்டியில் அப்படி அடைக்கக் கூடாது. சுவர்களில் 25 மிமீ தடிமனுக்கு ஒட்டி, குழாயின் உள்வாயைச் சுற்றி வெறுமையாக விடுங்கள்.

சரசரப்பு, கிர்ர் என்ற அதிர்வு, புஸ்ஸென்ற காற்று

30 முதல் 300 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏற்றிச் செல்லுங்கள். சரசரப்பு வரும் எண்ணில் நிறுத்தி, ஒரு கையால் பெட்டியின் பக்கங்கள், கிரில், முனைக்கிண்ணம் (வயர் மாட்டும் முனைகள் உள்ள கிண்ணம்), ட்வீட்டர் சட்டம் என ஒவ்வொன்றாக அழுத்துங்கள். எதை அழுத்தும்போது நிற்கிறதோ அதுதான். எங்கும் நிற்காவிட்டால் உள்ளே தளர்ந்த கிராஸ்ஓவர் பாகமோ, கோனின் பின்பக்கத்தைத் தொடும் வயரோ இருக்கும். பாகங்களைப் பசையோடு பிளாஸ்டிக் கட்டும் போட்டு இறுக்குங்கள். பசை மட்டும் போதாது. கனமான காயில் நாளடைவில் பெயர்ந்துவிடும்.

காற்றுக் கசிவுக்கு, 40 ஹெர்ட்ஸ் ஓடும்போது மெல்லிய டிஷ்யூ காகிதத் துண்டை மூட்டுகள், வூஃபர் விளிம்பு, முனைக்கிண்ணம் ஆகிய இடங்களில் பிடியுங்கள். துடித்தால் கசிவு. முனைக்கிண்ணம்தான் அடிக்கடி அகப்படும். பலகை மூட்டுகளுக்கு உள்பக்கமாக மரப்பசையை வரியாக ஓட்டவும். டிரைவர் விளிம்புக்கு நுரை நாடா.

எம்டிஎஃப் (மரநார் அழுத்திய) பலகையில் ஸ்க்ரூ சுற்றிக்கொண்டே போனால் துளை தேய்ந்துவிட்டது. மரக்குச்சியைப் பசையில் தோய்த்து அடைத்து, காய்ந்ததும் வெட்டி, மறுபடி சிறு துளையிட்டு இறுக்கலாம். அடிக்கடி கழற்றப் போகும் பெட்டி என்றால் தொடக்கத்திலேயே டி-நட் (பலகையில் பதிக்கும் உலோக நட்) வைப்பது நல்லது.

ஒரு சோதனை கெட்ட செய்தியைச் சொல்லலாம். கோனின் எதிரெதிர் ஓரங்களில் இரண்டு கட்டைவிரல்களையும் வைத்து நேராக மெல்ல அழுத்துங்கள். உரசும் ஒலி கேட்டால் குரல்சுருள் காந்த இடைவெளியில் தட்டுகிறது. மலிவான வூஃபரில் அதற்கு மருந்து மாற்றுவதுதான்.

சத்தம் கூட்டினால் உடைகிறது

ஆம்ப் பலகையில் எழுதிய வாட்டை நம்பாமல் மின்வழங்கியைப் பாருங்கள். டிபிஏ3116 போன்ற கிளாஸ்-டி சிப்புகளில் ஒரு சேனல் தரக்கூடிய அதிகபட்சம், வோல்டின் வர்க்கத்தை ஓமின் இரு மடங்கால் வகுத்தால் வரும். 12 வோல்ட் அடாப்டரும் 8 ஓம் ஸ்பீக்கரும் என்றால் 9 வாட். அதே பலகை 24 வோல்டில் 36 வாட். அந்தச் சிப்பின் பரிந்துரைத்த எல்லை 26 வோல்ட் என்பதால் 24-ல் நின்றுகொள்ளுங்கள். இரண்டு சேனலுக்கும் முழுதாகக் கொடுக்க 4 ஆம்பியர் உள்ள வழங்கி தேவை.

சிறிய பெட்டிகளின் உணர்திறன் 84 முதல் 87 டெசிபெல் என்ற அளவில்தான் இருக்கும். 3 டெசிபெல் கூட வேண்டுமென்றால் வாட் இரட்டிப்பாக வேண்டும். எனவே 30 வாட் ஆம்பை 40 ஆக்குவதால் காதுக்கு எதுவும் தெரியாது. உடைந்த ஒலியை அப்படியே ஓடவிட்டால் முதலில் பலியாவது ட்வீட்டர்: வெட்டுப்பட்ட அலையில் உயர் அதிர்வெண்கள் கூடி, சராசரி சக்தியும் ஏறிவிடுகிறது.

பேஸ் அடிகளில் மட்டும் டப் டப் என்று தட்டினால் பேஸ் பூஸ்டை அணைத்துவிட்டு, ட்யூனிங்குக்குக் கீழே வெட்டும் ஹைபாஸ் வடிகட்டியை ஈக்வலைசரில் போடுங்கள்.

பாட்டு இல்லாதபோதும் ஹம் அல்லது இஸ்ஸென்ற ஒலி

ஆம்பின் உள்ளீட்டு வயரைப் பிடுங்குங்கள். ஹம் நின்றால் ஆம்ப் குற்றவாளி இல்லை. லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றிப் பேட்டரியில் ஓட்டுங்கள். அப்போது நின்றால் கிரவுண்ட் லூப் (இரண்டு கருவிகளின் எர்த் வழியே சுற்றும் மின்சாரம்). உள்ளீட்டில் 1:1 ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் போய்விடும், ஆனால் மலிவானவை பேஸைத் தின்னும். எர்த் பின்னை வெட்டுவது தீர்வு அல்ல, உயிருக்கு ஆபத்து.

வயரைப் பிடுங்கியும் இஸ் நிற்காவிட்டால் ஆம்பின் கெயின் (பெருக்கும் அளவு) அதிகம். டிபிஏ3116-ல் 20, 26, 32, 36 டெசிபெல் என நான்கு நிலைகள் உண்டு. பலகையில் உள்ள இரண்டு ரெசிஸ்டர்கள் அதைத் தீர்மானிக்கின்றன. 20-க்கோ 26-க்கோ இறக்கினால் இஸ் வெகுவாக அடங்கும். பிரிட்ஜ் முறையில் (பிளஸ், மைனஸ் இரண்டு முனைகளையும் சிப்பே இயக்கும் முறையில்) ஓடும் இந்தப் பலகைகளில் இடது வலது மைனஸ் முனைகளை ஒன்றாகக் கட்டவோ கிரவுண்டோடு சேர்க்கவோ கூடாது. சிப் போய்விடும்.

மேம்படுத்திய பிறகு முன்பைவிட மோசம்

அதே 5 அங்குல வூஃபர், திருகு துளைகளும் பொருந்துகின்றன, ஆனால் ஒலி சொதப்புகிறது. துளை பொருந்துவதும் பெட்டி பொருந்துவதும் வேறு. தரவுத்தாளில் ஒத்ததிர்வு அதிர்வெண்ணை (Fs) மின் கியூ மதிப்பால் (Qes) வகுத்துப் பாருங்கள்: விடை 50-ஐ ஒட்டி வந்தால் மூடிய பெட்டிக்கு ஏற்றது, 100-ஐ ஒட்டி வந்தால் போர்ட் பெட்டிக்கு. அது சரியாக வந்தாலும் பழைய கிராஸ்ஓவர் பழைய வூஃபருக்காகச் செய்யப்பட்டது. டிரைவரை மாற்றினால் கிராஸ்ஓவரையும் மறுபடி செய்ய வேண்டும். அதற்குத் தயாரில்லை என்றால், அளந்து சோதித்த ஒரு முழு வடிவமைப்பை அப்படியே கட்டுவது பணத்தையும் மனத்தையும் காக்கும்.

பழைய பெட்டியில் கெப்பாசிட்டர் மாற்றிய பிறகு ட்ரெபிள் கூர்மையாகிவிட்டதா? பழைய எலக்ட்ரோலைட்டிக்கில் இருந்த உள் மின்தடை புது ஃபிலிம் கெப்பாசிட்டரில் இல்லை. தொடராக 0.5 ஓம் ரெசிஸ்டர் ஒன்று சேர்த்தால் பழைய சமநிலை திரும்பும். ஃபிலிம் வகையை ட்வீட்டருக்குத் தொடராக உள்ள கெப்பாசிட்டருக்கு மட்டும் வாங்குங்கள். வூஃபர் பக்கம் குறுக்கே நிற்கும் பெரிய மதிப்புகளுக்குப் புது பைபோலார் எலக்ட்ரோலைட்டிக் போதும். மேலே பிளஸ் மைனஸ் குறியுள்ள சாதாரண எலக்ட்ரோலைட்டிக்கைக் கிராஸ்ஓவரில் எங்கும் போடக் கூடாது.

நுரை விளிம்பு மாற்றிய வூஃபர் உரசினால் கோன் நடுவில் நிற்கவில்லை. பசை இறுகுவதற்கு முன் 25 ஹெர்ட்ஸ் டோனை மிகக் குறைந்த சத்தத்தில் ஓடவிட்டு, உரசல் மறையும் வரை விளிம்பை விரல் நுனியால் நகர்த்தி, அந்த நிலையிலேயே சுற்றிலும் அழுத்திக் காய விடுங்கள்.